திரைக்கு முன்னால் இருப்பது யார்?

கணினி இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அது ஒன்றுதான் இருக்கும். அப்பா அதில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வார், ரயில் டிக்கெட் எடுப்பார். அம்மா வங்கிக் கணக்கைப் பார்ப்பார். கல்லூரிக்குப் போகும் அக்கா அசைன்மென்ட் தட்டுவாள். ஆறாம் வகுப்புத் தம்பி யூடியூபில் கணக்குப் பாடம் பார்ப்பான். பாடம் முடிந்ததும் பக்கத்தில் வந்து நிற்கும் வேறொரு வீடியோவைத் தட்டுவான். தமிழ்நாடு அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி பிளஸ் டூ பிள்ளையின் கையில்தான் வந்து சேர்ந்தது. பெயர் மாணவருடையது, பயன்படுத்தியது மொத்தக் குடும்பமும். இப்படி ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "பிள்ளை கண்டதையும் பார்க்காமல் இருக்க என்ன சாஃப்ட்வேர் போடலாம்?" கவலை நியாயமானது. ஆனால் சாஃப்ட்வேரைத் தேடும் முன் பார்க்கவேண்டியது வேறு. கணினியை ஆன் செய்ததும் அது யார் பெயரில் திறக்கிறது? அப்பா பெயரில் திறந்து, அதையே வீட்டில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்றால், அதன்மேல் எந்தத் தடுப்பைப் போட்டாலும் நிலைக்காது. பிள்ளைக்குத் தனி யூசர் கணக்கு வேண்டும். அதற்கு வயதுக்கேற்ற உரிமை வேண்டும். அந்த எல்லை எதுவரை என்று பிள்ளைக்கே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஃபில்டரும் நேரக் கட்டுப்பாடும் அதற்குப் பிறகுதான்.

விண்டோஸ் கணினியைத் தயார் செய்யும்போது முதலில் உருவாகும் கணக்கு அட்மின் கணக்கு. அதில் நுழைந்தவர் எதையும் நிறுவலாம், எதையும் நீக்கலாம், இணைய அமைப்புகளை மாற்றலாம், மற்றவர்களின் பாஸ்வேர்டையே மாற்றலாம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் எல்லோரும் அட்மினாகவே இருந்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அட்மின் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நீங்கள் போட்ட ஃபில்டரை எடுப்பது பெரிய வேலையே இல்லை. கன்ட்ரோல் பேனலைத் திறந்து, அன்இன்ஸ்டால் என்பதைத் தட்டினால் முடிந்தது. மாறாக, சாதாரண கணக்கில் இருப்பவர் அதே இடத்தைத் தட்டினால், அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். 2007-இல் வெளிவந்த விஸ்டாவிலேயே பெற்றோருக்கான கட்டுப்பாடுகளை மைக்ரோசாஃப்ட் உள்ளே வைத்துவிட்டது. இத்தனை வருடமாக வீட்டுக்குள்ளேயே இருக்கும் வசதியை விட்டுவிட்டு, காசு கொடுத்துப் புதிது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அட்மின் உரிமை பிரச்சினையின் ஒரு பாதிதான். இன்னொரு பாதி அதிகம் பேசப்படுவதில்லை. அப்பாவின் கணக்கில் திறந்த பிரவுசர், அப்பாவின் ஜிமெயிலில் ஏற்கெனவே நுழைந்து நிற்கிறது. அதனால் யூடியூபுக்கும் கூகுளுக்கும் தெரிந்தவரை, திரைக்கு முன்னால் இருப்பவருக்கு 42 வயது. பதினொரு வயதுப் பிள்ளை எதைத் தேடினாலும் 42 வயதுக்காரர் தேடியதாகவே கணக்கு. முந்தைய இரவு அப்பா பார்த்த கொலை வழக்கு வீடியோவை ஒட்டிய பரிந்துரைகள் மறுநாள் மாலை பிள்ளையின் கணக்குப் பாடத்துக்குப் பக்கத்தில் வரிசைகட்டும். வயது வந்தோருக்கு மட்டும் என்று குறியிட்ட வீடியோவும் தடையின்றித் திறக்கும், ஏனென்றால் கணக்கின் உரிமையாளர் வயது வந்தவர். கெட்டதைத் தேடிப் போகும் பிள்ளையைத் தடுப்பது எப்படி என்றுதான் நாம் யோசிக்கிறோம். தேடாமலே வந்து விழுவதுதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை. அதற்குக் கதவைத் திறந்துவிடுவது பெற்றோரின் லாக்-இன்.

சட்டங்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை என்றன, ஆதாரைக் கொண்டு அடையாளம் சரிபார்க்கச் சொன்னன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழையத் தடை போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவற்றை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு பண விளையாட்டுகளையே தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. இவை எல்லாமே நல்ல நோக்கம் கொண்டவை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றிய அரசின் முழுத் தடையைத் தவிர மற்ற எல்லாமே "கணக்கு யாருடையது?" என்ற ஒரே கேள்வியின் மேல் நிற்கின்றன. அப்பாவின் லாக்-இன்னில் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பொய். ஆதார் சரிபார்ப்பு கேட்டாலும் அதை அப்பா என்றைக்கோ முடித்துவைத்திருப்பார். அதன் பிறகு பிள்ளையை யார் தடுக்க முடியும்? டெல்லியில் எழுதிய பாதுகாப்பு நம் வீட்டு மேசைக்கு வந்து சேர, பிள்ளை பிள்ளையாகத் தெரிய வேண்டும்.

செய்முறை சுலபம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி என்று போனால், குடும்பத்தில் ஒருவரைச் சேர்க்கும் பகுதி வரும். பிள்ளைக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கை உண்மையான பிறந்த தேதியோடு உருவாக்க வேண்டும். வயதைக் கூட்டிப் போடாதீர்கள். பாதுகாப்பு முழுவதும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் இயங்குகிறது. அதற்குப் பிறகு எந்த நாளில் எத்தனை மணி நேரம், எந்த வேளையில், எந்தெந்தத் தளங்கள் என்று உங்கள் கணக்கிலிருந்தே முடிவு செய்யலாம். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மைக்ரோசாஃப்டின் இணைய ஃபில்டர் அதன் எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். ஃபில்டரை ஆன் செய்தால் குரோம் போன்ற மற்ற பிரவுசர்களை அது தடுத்துவிடும். இது தெரியாமல் "குரோம் திறக்கவில்லை" என்று ஃபில்டரையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. குரோம் அட்மின் அனுமதி இல்லாமலேயே ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிக்கொள்ளக் கூடியது; பென் டிரைவிலிருந்து ஓடும் பிரவுசர்களும் இருக்கின்றன. அதனால்தான் இந்தத் தடை. ஆப்பிள் கணினியில் 2019 முதல் ஸ்க்ரீன் டைம் என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடச் சின்ன வேலை ஒன்று உண்டு, அதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். அடுப்பைப் பார்க்க எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்து நான்கு இலக்க பின்னை அடிக்கும்போது பக்கத்தில் பிள்ளை நின்றுகொண்டிருந்தால், அடுத்த முறை அந்த நான்கு இலக்கம் அவனுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகளின் கண்ணும் நினைவும் கூர்மையானவை. வண்டி எண்ணையும் பிறந்த வருடத்தையும் பின்னாக வைப்பதற்கு, வைக்காமலே இருந்துவிடலாம்.

ஃபில்டர் என்பது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதனிடம் அளவோடு எதிர்பார்க்கலாம். பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி எது என்று கணினி ஒரு பெயர்ச் சேவையகத்திடம் கேட்கும். டிஎன்எஸ் என்பது இதுதான். ஓபன்டிஎன்எஸ் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த ஃபேமிலிஷீல்டு, கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.3 போன்ற இலவசச் சேவைகள், ஆபாசத் தளங்களின் பெயரைக் கேட்டால் முகவரி தர மறுத்துவிடும். வீட்டு ரௌட்டரில் இந்த எண்ணைப் போட்டுவிட்டால் வைஃபையில் இணையும் எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தும். நல்ல ஏற்பாடுதான், செலவும் இல்லை. ஆனால் அதற்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும். யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது, அதில் தமிழில் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திறந்தால் முழு யூடியூபும் திறக்கும், மூடினால் பாட வீடியோவும் சேர்ந்து மூடும். இப்போதைய பிரவுசர்கள் பெயர்க் கேள்வியை மறைகுறியாக்கி வேறொரு சேவையகத்துக்கு நேராக அனுப்பவும் செய்கின்றன. அந்த அமைப்பை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு ரௌட்டரில் நீங்கள் போட்ட எண் பொருட்டே இல்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் அதுகூடத் தேவையில்லை.

இதைப் படித்ததும் சிலர் கேட்கலாம்: தாண்டிப் போகத்தான் வழி இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு? இந்தக் கேள்விக்கு ஆய்வுகளும் பலம் சேர்க்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ப்ரிஸிபில்ஸ்கி, விக்டோரியா நேஷ் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 16 வயது வரையிலான 18,000-க்கும் மேற்பட்ட ஐரோப்பியப் பிள்ளைகளின் தரவைப் பார்த்தார்கள். பாலியல் காட்சிகள் பிள்ளையின் கண்ணில் பட்டதா இல்லையா என்பதில் 99.5 சதவீதத்துக்கும் மேல், வீட்டில் ஃபில்டர் இருந்ததோடு தொடர்பில்லாத காரணங்களால் அமைந்தது. ஒரே ஒரு பிள்ளையைக் காப்பாற்ற 17 முதல் 77 வீடுகளில் ஃபில்டர் போட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இந்த முடிவை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் அது யாரைப் பற்றியது என்பதைப் பார்க்க வேண்டும். 11 வயதுக்கு மேல் நண்பர் வீடு, நண்பரின் போன், வாட்ஸ்அப் குழு என்று பிள்ளையின் உலகம் விரிந்துவிடுகிறது. வீட்டுக் கணினியில் இருக்கும் ஃபில்டர் அங்கே எப்படிப் போகும்? எட்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. அவனது இணையம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். அவனுக்குத் தடுப்பைத் தாண்டும் ஆசையும் கிடையாது, தற்செயலாக எதிலும் போய் விழாமல் இருந்தால் போதும். ஆக, ஃபில்டர் சின்னப் பிள்ளைகளுக்கு உதவும், பதின்வயதினருக்கு மிகக் குறைவாகவே உதவும். நம் வீடுகளிலோ இது தலைகீழாக நடக்கிறது. ஏழு வயதில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, பதினைந்து வயதில் பதறிப்போய்ப் பூட்டுகிறோம்.

பூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. லண்டன் பொருளியல் பள்ளியின் சோனியா லிவிங்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் எட்டு ஐரோப்பிய நாடுகளில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் சுமார் 6,400 பேரிடம் விவரம் சேகரித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தடை மட்டுமே போட்ட வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. கற்கவும் பழகவும் கிடைத்த வாய்ப்பும் குறைவாக இருந்தது. கூட இருந்து வழிகாட்டிய வீடுகளில் வாய்ப்பு கூடியது, ஆபத்தும் கூடவே வந்தது. இரண்டில் ஒன்று மட்டும் வேண்டும் என்றால் கிடைக்காது என்பதுதான் இதன் பொருள். பிரிட்டனில் 2013-இல் இணைய நிறுவனங்கள் வீடுகளுக்குத் தானியங்கி ஃபில்டர்களைக் கொண்டுவந்தபோது, பாலியல் கல்வித் தளங்களும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எடின்பரோ மையத்தின் தளமும் அதில் சிக்கிக்கொண்டதை பிபிசி வெளிக்கொணர்ந்தது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே தாவரங்களிலும் விலங்குகளிலும் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகத் தேடும் பெண்ணின் திரையில் "இந்தப் பக்கம் தடை செய்யப்பட்டுள்ளது" என்று வந்தால், அப்பாவிடம் போய்க் கேட்க அவள் கூசுவாள். பாடத்தை விட்டுவிடுவாள், அல்லது தோழியின் போனில் பார்ப்பாள். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றால் தம்பிக்குப் போட்ட தடை அக்காவையும் பிடிக்கும். தனித்தனிக் கணக்குகள் இருந்தால் எட்டு வயதுக்கு எட்டு வயதின் அளவும் பதினாறுக்குப் பதினாறின் அளவும் ஒரே கணினியில் அடங்கும்.

தடையெல்லாம் வேண்டாம், பிள்ளைக்குத் தெரியாமல் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே செயலிகள் விற்கின்றன. இந்த யோசனையை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். டீன்சேஃப் என்ற அமெரிக்கச் செயலி, பிள்ளைகளின் குறுஞ்செய்திகளையும் இருப்பிடத்தையும் அவர்கள் அறியாமல் பெற்றோருக்குக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்பட்டது. அது இயங்குவதற்காகப் பிள்ளையின் ஆப்பிள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை அணைத்துவைக்க வேண்டும். 2018 மே மாதம் அந்த நிறுவனத்தின் சேவையகம் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது தெரியவந்தது. பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியும் பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கு பாஸ்வேர்டும் மறைகுறியாக்கம் இன்றி அப்படியே இருந்தன. காவலுக்கு என்று வைத்ததே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் 75 ஆண்ட்ராய்டு பாதுகாப்புச் செயலிகளை அலசியபோது, அவற்றின் வசதிகளில் 89 சதவீதம் பெற்றோர் கட்டுப்படுத்தவும் கண்காணிக்கவும் ஆனவை. பிள்ளை தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள உதவுபவை மிகச் சொற்பம். தொழில்நுட்பக் கோளாறை விடுங்கள். தன் பேச்சை அம்மா ஒளிந்திருந்து படித்தார் என்று பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஒருநாள் தெரியத்தான் போகிறது. அதற்குப் பிறகு உண்மையான ஆபத்து வந்தால் அவள் அம்மாவிடம் வருவாளா? வாராந்திர அறிக்கை வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி, அதை இருவரும் சேர்ந்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரிந்தே இருக்கும் கட்டுப்பாட்டைப் பிள்ளைகள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். வேவு பார்த்ததை மன்னிப்பது கடினம்.

"எங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை, தனிக் கணக்கு என்றால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பான்" என்ற பேச்சும் உண்டு. இதில் பிள்ளை மீதான அன்பு இருக்கிறது. ஆனால் தனிக் கணக்கு தண்டனையாக வரவேண்டிய அவசியம் என்ன? அவன் பெயர், அவன் படம், அவன் ஃபைல்கள், அவன் கேமின் ஸ்கோர் எல்லாம் அக்கா அழித்துவிடாமல் அவனுடைய இடத்தில் இருக்கும். அப்பாவின் அலுவலக மின்னஞ்சலைத் தவறி அழித்தான் என்ற பழியும் அவன்மேல் விழாது. எட்டு வயதில் கொடுத்தால் இதைப் பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்த உரிமையாகவே பார்ப்பார்கள். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிறகு பதினான்கில் கொடுத்தால்தான் அது விலங்காகத் தோன்றும். வயது ஏற ஏற எல்லை தளர வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: ஐந்தாவது வரை நாம் தேர்ந்தெடுத்த சில தளங்கள், எட்டாவது வரை ஃபில்டர், அதற்கு மேல் தடை குறைந்து பேச்சு கூட வேண்டும், பிளஸ் ஒன் வரும்போது நேரத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். வருடங்கள் வீட்டுக்கு வீடு மாறலாம், தளரும் என்ற உறுதி மாறக் கூடாது. கணினி கூடத்தில் இருக்கட்டும் என்ற பழைய யோசனையும் நல்லதே. மடிக்கணினி அறைக்குள் போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

எத்தனை செய்தாலும் ஒருநாள் பிள்ளையின் கண்ணில் படக் கூடாதது படும், அல்லது முகம் தெரியாத யாரோ படம் கேட்டு மிரட்டுவார்கள். அப்போது பிள்ளை வாயைத் திறப்பதைத் தடுப்பது ஒரே பயம்: சொன்னால் கணினியைப் பிடுங்கிவிடுவார்கள். சொன்னதற்காக எதையும் பிடுங்க மாட்டோம் என்று கணக்கை உருவாக்கித் தரும் அன்றைக்கே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மிரட்டல் என்றால் இணையக் குற்றங்களுக்கான 1930, குழந்தைகளுக்கான 1098 ஆகிய இரண்டு எண்களையும் கூப்பிடலாம், இரண்டும் கட்டணமில்லாதவை. உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், பயத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டால் சாட்சியமும் போய்விடும்.

பெற்றோருக்கு இதெல்லாம் தெரியவில்லையே என்பதுதான் கடைசி மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. வருமான வரித் தாக்கலுக்கே பிள்ளையைக் கூப்பிடும் வீடுகள் ஏராளம். அட்மின் பாஸ்வேர்டு பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த வீடுகளும் உண்டு. அதனால் இந்தப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து சின்ன ஊர்களின் கம்ப்யூட்டர் கடைகள் வரை, விற்பவர்தான் விண்டோஸைப் போட்டுத் தயார் செய்து கொடுக்கிறார். பெரும்பாலும் அட்மின் கணக்கு ஒன்று, அதற்கு பாஸ்வேர்டு கிடையாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, பெற்றோருக்கு ஒன்றும் பிள்ளைக்கு ஒன்றுமாகக் கணக்கு போட்டு, பாஸ்வேர்டை வாங்குபவர் கையாலேயே அடிக்கச் செய்ய அவருக்குப் பத்து நிமிடம் போதும். கடைக்காரர்கள் இதைச் செய்ய வேண்டும். அவர்களாகச் செய்யாவிட்டால், அடுத்த முறை கணினி வாங்கும்போதோ சர்வீஸுக்குக் கொடுக்கும்போதோ, பில் போடும் முன் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.